ராசுவின் காதில் விழுந்தது

"குழி வெட்டச் சொல்லியாச்சு, மேளமும் சொல்லியாச்சு. அந்தக் குழாய மட்டும் எடுத்துட்டீங்கன்னா தம்பியத் தூக்கிக்கினு போயிடுவோம் டாக்டரம்மா."

செல்லன் கைகூப்பி நின்றார். கள்ளக்குறிச்சியில் அந்தச் சின்ன மருத்துவமனையின் வாசலில் வேன் தயாராக இருந்தது. இருட்டுவதற்குள் கல்வராயன் மலை ஏறியாக வேண்டும்.

கட்டிலில் ராசு. தூக்கத்தில் கட்டுவிரியன் கடித்தது. விஷமுறிவு மருந்து ஏற்றியாகிவிட்டது. இருந்தும் மூச்சை இயந்திரம்தான் விட்டுக்கொண்டிருந்தது.

டாக்டர் நிர்மலா ராசுவின் இமையைத் தூக்கி டார்ச் அடித்தார். கண்ணின் பாவை விரிந்தது விரிந்தபடியே இருந்தது. தோளில் கிள்ளினார். அசைவில்லை.

"எனக்கென்னமோ உள்ள மூளை நல்லா இருக்குன்னு தோணுது."

"தோணுதா? இன்னாங்க இது! ரெண்டு நாளா கண்ணே தொறக்கல, தோணுதுன்றீங்க?"

நியாயமான கேள்விதான். இப்படி ஒரு நோயாளியை நிர்மலா புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்தார். அதுவும் பரீட்சைக்கு முதல் நாள், பாதித் தூக்கத்தில்.

"மூளை சொல்ற சேதி நரம்புல மின்சாரமா ஓடி வருதுங்க. நரம்பு முடியற இடத்துல ஒரு ரசாயனம் சுரந்தாதான் அது தசைக்குப் போய்ச் சேரும். இந்தப் பாம்போட விஷம் அந்தச் சுரப்பை அடைச்சிடும். கரண்ட் வருது, பல்ப் ஹோல்டர் போயிடுச்சு, அவ்வளவுதான். வீடு இருட்டா இருக்குன்னு கரண்டே இல்லன்னு சொல்லிடலாமா?"

"எங்க ஊர்ல வூடு இருட்டா இருந்தா கரண்ட் இல்லன்னுதாங்க அர்த்தம்."

கட்டிலின் மறுபக்கத்திலிருந்து வெள்ளச்சி எழுந்தாள். ராசுவைக் கொண்டுவந்ததிலிருந்து அவள் அங்கேயேதான் கிடந்தாள். நர்ஸ் விரட்டினால் வாசல் வரை போவாள். நர்ஸின் முதுகு தெரிந்ததும் திரும்பி வந்துவிடுவாள்.

"குழாய எடுக்காதீங்க டாக்டரம்மா. இந்த ஆளு அவ்ளோ சுளுவா போற ஆளில்ல."

"நீ கம்னு இரு. உனக்கு இதுல இன்னா பேச்சு?" என்று செல்லன் சீறினார்.

நிர்மலாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏன், அவங்க பேசக் கூடாதா? அவங்களைவிட யாருக்குங்க உரிமை?"

"அதுக்கில்ல டாக்டரம்மா, இவ வந்து..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். மூளையில ஓடுற மின்சாரத்தை ஒரு மெஷின் படம் போட்டுக் காட்டும். அதுல கோடு நேரா ஓடினா, நானே உங்ககூட அனுப்பிடறேன்."

சொல்லிவிட்டாரே தவிர, ராசுவின் தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டும்போது ஒவ்வொன்றையும் இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். கோடு நேராக ஓடினால்?

திரை விழித்தது. கோடுகள் நெளிந்து நெளிந்து ஒரே சீராக ஓடின.

"பாருங்க!"

"மெஷின்னா ஆடத்தான் செய்யும். ஃபேன் காத்துக்குக்கூட ஆடும்" என்றார் செல்லன்.

"சரி. காது கேக்குதான்னு பாத்துடலாம். கேட்டா கோடு மாறும். கூப்பிடுங்க."

செல்லன் குனிந்தார். "தம்பி... ராசு... அண்ணன் வந்திருக்கேன்டா..." குரல் உடைந்தது.

கோடு கொஞ்சமும் மாறவில்லை. இரண்டு நாளாக இதே அழுகையைக் கேட்டு அதற்கும் சலித்துவிட்டதோ என்னவோ.

செல்லன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போதுங்க. எடுத்துடுங்க."

வெளியே வேன்காரன் ஹாரன் அடித்தான். நிர்மலா வெள்ளச்சி பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்க பேசுங்க."

வெள்ளச்சி தயங்கினாள். "நான் இந்த ஆளுகிட்ட நல்ல வார்த்த பேசி வருசக்கணக்கா ஆச்சுங்களே."

"எல்லா வீட்டுலயும் அப்படித்தாம்மா. எப்பவும் பேசற மாதிரியே பேசுங்க."

"அவ வாணாங்க!" என்று செல்லன் பதறினார். அதற்குள் வெள்ளச்சி கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு ராசுவின் காதருகே குனிந்துவிட்டாள்.

"யோவ்! நல்லா சொகுசா படுத்துக்கினு இருக்கியா? படு, படு. உன் கொல்லையில சாமை முத்திப்போயி நிக்குது. நாளைக்கு விடிஞ்சதும் நானே அருவாளோட எறங்குறேன். ஒரு கதிர் வுடாம அறுத்துக்கினு போயிடுறேன். எவன் கேப்பான் என்னிய?"

திரையில் கோடுகள் சிதறின. சீரான நெளிவு கலைந்து, ஊசி ஊசியாக, நெருக்கமாக, தாறுமாறாக ஓடின. பக்கத்து இயந்திரத்தில் நாடித்துடிப்பு எகிறியது.

"கேக்குது! அவருக்கு எல்லாம் கேக்குது!" நிர்மலா கிட்டத்தட்டக் கத்தியேவிட்டார். "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா!"

"இன்னா மொறைக்கிற? வரப்போரத்துலகூட ஒண்ணு வுட மாட்டேன்!"

மறுபடியும் ஊசிகள்.

செல்லன் திரையையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். "டேய், குழிய மூடுங்கடா! மேளத்துக்கும் சொல்லிடு, இப்ப வாணான்னு!" என்ற குரல் வராந்தா முழுக்கக் கேட்டது.

நிர்மலா நாற்காலியில் சரிந்தார். "நரம்பு முனை புதுசா முளைக்கணும். கொஞ்ச நாள் ஆகும். ஆனா எழுந்துடுவாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டே வெள்ளச்சியின் கையைப் பிடித்தார். "வயலை நீங்களே பாத்துக்கறேன்னு சொன்னதும் மனுஷனுக்கு என்ன சந்தோஷம் பாத்தீங்களா? உங்கள மாதிரி பொண்டாட்டி கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்மா."

வெள்ளச்சி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"பொண்டாட்டியா? ஐயே! பக்கத்துக் கொல்லைக்காரிங்க நானு. ஒம்பது வருசமா வரப்புத் தகராறுல இந்தாளு மேல கோர்ட்ல கேசு போட்டு நடத்திக்கினு இருக்கறவ. வர்ற மாசம் தீர்ப்புங்க, நான் ஜெயிக்கறதப் பாக்க இந்தாளு உசுரோட இருக்க வாணாவா?"