காசிமாயன் வீட்டு டேங்கு

தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய் எல்லாம் அடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள் சுருளியம்மாள். பெட்டியில் கிடந்த பட்டுச்சேலையை வேறு எடுத்துக் கட்டியிருந்தாள். குழாயடியில் நின்ற கருத்தம்மாள் சும்மா விடுவாளா?

"என்னா மதினி, பொண்ணு கேக்கக் கெளம்பிட்டியாக்கும்? மாப்பிள்ளை யாரு?"

சுருளியம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அவளுக்கு மகனே கிடையாது. அவள் போவது பக்கத்து வீட்டுக்கு, மன்னிப்புக் கேட்க. கருத்தம்மாளுக்கு அது தெரியும், தெரிந்துதான் கேட்கிறாள்.

பக்கத்து வீடு காசிமாயன் வீடு. எழுபத்தேழில் போடியில் சொந்தமாக ஜீப்பு வைத்திருப்பது சின்ன விஷயமில்லை. அவனிடம் இரண்டு ஜீப்பு இருந்தது. போதாதென்று, வீட்டுக் கொல்லையில் ஆளுயர இரும்பு டேங்கு ஒன்றை இறக்கி, மலைமேல் இருக்கும் ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் பெட்ரோல் விற்கவும் ஆரம்பித்துவிட்டான். அந்த டேங்குக்கும் சுருளியம்மாளின் அடுப்படிக்கும் நடுவே ஒரே ஒரு மண்சுவர்தான்.

மகள் பொன்னுமணி தலைப்பிரசவத்துக்கு வந்த பிறகுதான் சுருளியம்மாளுக்கு அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் பயம் வந்தது. மகளைத் தேவாரத்தில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மாரியம்மன் கோயில் முன்னால் தெருப் பெரியவர்களைக் கூட்டினாள்.

"அந்த டேங்கை ஊருக்கு வெளிய கொண்டு போகச் சொல்லுங்கய்யா. ஒரு பொறி பட்டாத் தெருவே மிஞ்சாது."

"என்னப்பா காசிமாயா, பர்மிட்டு கிர்மிட்டு வாங்கியிருக்கியா?" என்று கேட்டார் கமிஷன் கடை வீரையா.

"வந்துக்கிட்டே இருக்குண்ணே" என்றவன், மனைவி கையிலிருந்த குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். "ஆபத்துன்னா, எம் பொஞ்சாதியவும் இந்தப் பச்ச மண்ணவும் அது பக்கத்துல வச்சு நான் குடும்பம் நடத்துவனா? எம் பிள்ளை மேல சத்தியம், அதால யாருக்கும் ஒண்ணும் ஆகாது. நான் நாலு காசு பாக்குறேன்ல, அது சில பேருக்குப் பொறுக்கல."

பிள்ளை மேல் சத்தியம் செய்தவனிடம் அதற்கு மேல் யார் என்ன கேட்பது? கூட்டம் மொத்தமும் திரும்பி சுருளியம்மாளைப் பார்த்தது. "வயித்தெரிச்சல் புடிச்சவ" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவள் காதில் விழட்டும் என்றே சொன்ன குரல்.

அன்றிலிருந்து அவளுக்குத் தெருவில் தலை நிமிர முடியவில்லை. குடத்தோடு போனால் குழாயடிப் பேச்சு நின்றுபோகும். "ஒன்னால எனக்கும் மானம் போச்சு" என்று வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

யோசிக்க யோசிக்க அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்தது. காசிமாயன் மனைவி அன்னக்கொடி அடுப்படிப் பக்கமே போக மாட்டாள். மூன்று வேளையும் அடுத்த தெருவிலிருக்கும் மாமியார் வீட்டிலிருந்து தூக்குவாளியில் சோறு வந்துவிடும். நாளெல்லாம் விறகடுப்பை ஊதுகிற சுருளியம்மாளுக்கு அதைப் பார்க்க எரியாதா? எரிந்தது. அந்த எரிச்சலில்தான் டேங்கு மேல் பழியைப் போட்டோமோ என்று நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்த வெட்கத்தோடுதான் இன்று மத்தியான பஸ்சில் மகளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"வேணாம் ஆத்தா, எனக்குப் பயமா இருக்கு" என்றாள் பொன்னுமணி.

"சும்மா கெட. நம்மளப் பாத்து ஊரு சிரிச்சது போதும்."

காசிமாயன் மலைக்கு லோடு ஏற்றிப் போயிருந்தான். கதவைத் திறந்தது அன்னக்கொடி, இடுப்பில் குழந்தையோடு. தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் சுருளியம்மாள்.

"தாயி, அன்னைக்கி வாய்க்கு வந்ததப் பேசிப்புட்டேன். மனசுல வச்சுக்காத. ஒங்க பொழப்புல மண்ணு விழணும்னு நான் நெனைக்கல." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"அய்யோ, என்னா அத்தே இது, விடுங்க" என்றாள் அன்னக்கொடி. ஆனால் அவள் பார்வை வேறெங்கோ இருந்தது. சுவரைத் தாண்டி எழும்பிக்கொண்டிருந்த புகையையே பார்த்தாள்.

"பொக இங்கிட்டு அடிக்குதா தாயி? பொன்னுமணி வந்துட்டா. நெறமாசம்ல, குளிக்க வெந்நி போடுறா. வெரசா அணைக்கச் சொல்றேன்." சுருளியம்மாள் அதற்கும் சேர்த்துக் கூனிக் குறுகினாள்.

"வந்துருச்சா அது? தேவாரத்துலயே இருந்திருக்கலாம்ல அத்தே" என்று முணுமுணுத்தாள் அன்னக்கொடி.

இன்னும் கோபம் ஆறவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் சுருளியம்மாள். குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். தன் பேச்சால்தானே இந்தப் பிஞ்சுமேல் அவன் சத்தியம் செய்யும்படி ஆயிற்று?

"எங் கண்ணே பட்டிருக்கும். பிள்ளைய மடியில வச்சு இப்படி ஒக்காரு தாயி, சூடம் சுத்திப் போட்டுர்றேன்."

முந்தானையில் முடிந்திருந்த சூடத்தை எடுத்து, குழந்தையை மூன்று முறை சுற்றி வாசல்படியில் வைத்தாள். கொளுத்துவதற்குத்தான் எதுவும் கொண்டுவரவில்லை.

"தீப்பெட்டி கொண்டா தாயி."

அன்னக்கொடி பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"இந்த வீட்டுக்குள்ள தீப்பெட்டியே கொண்டாரக் கூடாதுன்னுட்டாக அத்தே, அவுக."