சுவரைப் பார்த்த நாற்காலி

காது பரிசோதிக்கும் சின்ன அறை. சன்னல் வெளிச்சம் மேசைமேல் திறந்து கிடக்கும் கருவிப் பெட்டியில் விழுகிறது. முதியோர் காப்பீட்டில் இந்த வருடம்தான் காது கேட்கும் கருவியையும் சேர்த்திருக்கிறார்கள். "சும்மா குடுக்கிற சாமான் எந்த லட்சணத்துல இருக்கப் போகுது" என்று முணுமுணுத்தபடி உட்கார்ந்திருக்கிறார் நெசவாலைக் கிழவர். முப்பது வருடத் தறிச் சத்தம் தின்ற காது. தறிக்கூடத்தில் எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள்; அந்தக் கெட்டிக்காரத்தனத்தை வைத்தே வீட்டிலும் செவிடென்று காட்டிக்கொள்ளாமல் இத்தனை நாள் ஓட்டிவிட்டார். பரிசோதிக்கும் பெண் கருவியைக் காதில் பொருத்திவிட்டு, தன் வாயை அட்டையால் மறைக்கிறாள். அது அவருக்குப் போதவில்லை. "இரும்மா" என்று எழுந்து, நாற்காலியைக் கரகரவென்று திருப்பிச் சுவரைப் பார்த்துப் போட்டு உட்காருகிறார். நரைத்த பிடரி விறைத்து நிற்கிறது. "இப்பப் பேசுங்க. உதட்டைப் பாத்துச் சொல்லிட்டான்னு ஒருத்தரும் சொல்லக்கூடாது." பின்னால் நிற்கும் மகள் மெல்லிய குரலில், "அப்பாவுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி" என்கிறாள். சுவரைப் பார்த்தபடியே பதில் வருகிறது: "உங்கம்மாவை விடவாடி?" மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்கிறாள். கிழவர் திரும்பவே இல்லை. சட்டைக் காலரை நீவிவிட்டுக்கொண்டு, காலை இன்னும் அகட்டி வைத்து உட்காருகிறார். "இதென்ன பெரிய வித்தை. இன்னும் மெதுவாப் பேசு."