ரம்பக்காரி

"யாரும் தொடக் கூடாதுன்னு சொல்ல, இந்த ரம்பம் என்ன உங்க அப்பா வீட்டுச் சொத்தாம்மா?"

புதிதாக வந்த மேற்பார்வையாளர் இப்படிக் கேட்டதும், பூங்காவின் கருவி அறையில் இருந்த தோட்டக்காரர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

ரம்பக்காரி நிமிரவில்லை. மரம் அறுக்கும் பெட்ரோல் ரம்பத்தை மேசையில் கிடத்தி, இடுக்கில் அடைத்திருந்த மரத்தூளை பிரஷ்ஷால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க சார். ஆனா இந்த வேலையை நான்தான் செய்வேன்."

"மெஷினுக்கு ரெண்டு பேர் பொறுப்பு. சுத்தம் பண்றது வாரம் ஒருத்தர். நோட்டுல பார்த்தா ரெண்டு வருஷமா உங்க கையெழுத்துதான் இருக்கு. அவரு வேலைக்கு வர்றாரா, வேடிக்கை பார்க்க வர்றாரா?"

'அவரு' என்றது, கதவோரம் நின்ற நெட்டை அண்ணனை. இருபத்தாறு வருஷம் மரம் அறுத்தவர். இப்போது கயிறு சுருட்டுவதும் கிளை பொறுக்குவதும்தான் அவர் வேலை. எல்லாம் இவள் பண்ணிய ஏற்பாடு.

'சீனியரை எடுபிடியா ஆக்கிட்டா' என்ற பேச்சு, மேற்பார்வையாளர் வந்த முதல் நாளே அவர் காதுக்குப் போயிருந்தது.

"மழைக்காலம் வருது. மூணு மாசம் மெஷினுக்கு வேலை இல்லை. எடுத்து வைக்கிறதை அவரே செய்யட்டும். நீங்க தள்ளி நில்லுங்க."

"பெட்ரோலை வடிச்சுட்டேன் சார். மிச்சத்தையும் ஓடவிட்டுத் தீர்த்தாச்சு. செயினைக் கழட்டி எண்ணெயில போட்டு, தகட்டுக்கு உறை மாட்டினா முடிஞ்சுது. அஞ்சு நிமிஷம்."

"அந்த அஞ்சு நிமிஷ வேலையைத்தான் சொல்றேன்."

"விட மாட்டேன் சார்."

"மெமோ குடுப்பேன்."

"குடுங்க."

"புரமோஷன் லிஸ்ட்ல உங்க பேரு இருக்கு. யோசிச்சுப் பேசுங்க."

"யோசிச்சாச்சு சார்."

நெட்டை அண்ணன்தான் முன்னால் வந்தார்.

"விடு தங்கச்சி. நான் பண்றேன்."

"வேணாண்ணே."

"நீ தள்ளு."

மறிக்கப் போனவளை மேற்பார்வையாளர் கையைக் குறுக்கே நீட்டி நிறுத்தினார்.

"கையுறையாவது போட்டுக்கோங்கண்ணே."

அவர் காதில் வாங்கவில்லை. திருகைத் தளர்த்தி செயினைக் கழற்றினார். பல் பல்லாக விரலை ஓட்டி, துணியால் துடைத்து, எண்ணெய் டப்பாவில் இறக்கினார். கை பழகிய வேலை, தடுமாற்றமே இல்லை.

"பார்த்தீங்களா? இவரால முடியாதா என்ன?" என்று மேற்பார்வையாளர் தோட்டக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

எல்லோரும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டப்பாவின் விளிம்பிலிருந்து மேசை ஓரம் வரை ரத்தம் சொட்டியிருந்தது.

அவர்கள் பார்வை போன இடத்தை நெட்டை அண்ணனும் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். இரண்டு விரல்கள் நன்றாகவே கிழிந்திருந்தன.

"எப்ப வெட்டுச்சு?" என்று அவளைக் கேட்டார்.

அவள் சுத்தமான துணியை எடுத்து விரல்களை இறுக்கிச் சுற்றினாள்.

"இருபத்தாறு வருஷம் மெஷினோட அதிர்வு சார். விரல்ல உணர்ச்சியே போயிடுச்சு. சூடும் தெரியாது, வெட்டும் தெரியாது. இது எழுத்துல போனா, அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஓய்வுக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கு. மெமோவை எனக்குக் குடுங்க, வாங்கிக்கிறேன்."

மேற்பார்வையாளர் கொஞ்ச நேரம் நோட்டையே புரட்டினார். அப்புறம் அதை மூடிவிட்டு, தன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி நெட்டை அண்ணனின் மறு கையில் வைத்தார்.

"முதல்ல டாக்டர்கிட்ட போயிட்டு வாங்க. வந்ததும் இந்த ரூமும் பக்கத்துச் சாமான் ரூமும் ஏழு மாசமும் உங்க பொறுப்பு. பெட்ரோல் கேன் அந்த ரூம், ரம்பம் இந்த ரூம், ரெண்டுக்கும் பூட்டு. இந்தம்மாவைத் தவிர யாரு கேட்டாலும் ரம்பத்தைத் தொட விடாதீங்க. நானே வந்து கேட்டாலும்."