ஆறு பேர் தொட்டி

"ரெண்டு பேர் தொட்டி போதும். நாம ரெண்டு பேர்தானே இருக்கோம்!" என்றார் டாக்னி.

"ஆறு பேர் தொட்டி," என்றார் அவர் கணவர் ஸ்டெய்னார். வண்டியில் வரும்போது நாலு தடவை சொன்னதுதான். இது ஐந்தாவது.

ஐஸ்லாந்தின் வடகரைத் துறைமுகத்தை ஒட்டிய அந்தக் கடையில், வெந்நீர்த் தொட்டிகள் தண்ணீரில்லாமல் வரிசையாகக் கிடந்தன. கடைக்காரி ஹல்லா சிரித்துக்கொண்டாள். சண்டை போடாமல் தொட்டி வாங்கிய தம்பதியை அவள் இதுவரை பார்த்ததில்லை.

"எதுக்குன்னு சொல்லுங்க டாக்னி. அளவு தானா வரும்."

"ஆபரேஷனுக்கு அப்புறம் வலது தோள் இறுகிப்போச்சு. தினமும் வெந்நீர்ல முங்கி உட்கார்ந்து கையை நீட்டி மடக்கணுமாம். இல்லாட்டி கை இப்படியே நின்னுடுமாம்." டாக்னி கையைத் தூக்கிக் காட்டினார். அது தோளுக்கு மேலே போகவில்லை.

"அப்ப ஷூவைக் கழட்டிட்டு உள்ளே இறங்குங்க. தொட்டியைக் கண்ணால பார்த்து வாங்கக் கூடாது. உட்கார்ந்து பார்த்துத்தான் வாங்கணும்."

கம்பளிக் காலுறையோடு இருவரும் சின்னத் தொட்டியில் இறங்கினார்கள். முழங்காலும் முழங்காலும் முட்டின. டாக்னி கையை விரித்தார். ஸ்டெய்னாரின் மூக்குக்கண்ணாடி எகிறி விழுந்தது.

"பார்த்தியா!" என்றார் ஸ்டெய்னார், ஏதோ பரிசு கிடைத்த மாதிரி.

"நீ இல்லாட்டி இடம் தாராளமா இருக்கும்."

"முப்பத்தெட்டு வருஷமா இதைத்தான் சொல்றே."

ஹல்லா மூன்று பேர் தொட்டியைக் காட்டினாள். டாக்னி தனியாக உட்கார்ந்து பார்த்தார். இரண்டு கைகளும் எதிலும் இடிக்காமல் விரிந்தன.

"தோள் முங்கணும், பாதம் தரையில படணும், கை விரியணும். மூணும் சரியா இருக்கு," என்றாள் ஹல்லா.

"முடிஞ்சுது. இதையே எழுதுங்க."

ஆனால் ஸ்டெய்னார் அதற்குள் பெரிய தொட்டிக்குள் இறங்கி, ஒவ்வொரு இருக்கையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹல்லா, இந்த மூலையில உயரத்தைக் கூட்டித் தர முடியுமா? குள்ளமா இருக்கறவங்க மூக்குவரைக்கும் முங்கிடுவாங்களே?"

"நம்ம வீட்ல யாரு குள்ளம்?" என்றார் டாக்னி.

"இருக்கட்டும். இந்தப் பக்கம் தண்ணி முதுகுக்கு நேரா பீய்ச்சுமா? முதுகுவலிக்கு நல்லதாச்சே."

"உனக்கு எப்ப முதுகு வலிச்சுது?"

"விளிம்பு நல்ல அகலம். காபிக் குடுவை வைக்கலாம்."

டாக்னிக்குப் பொறுமை போய்விட்டது. "ஸ்டெய்னார்! நம்ம வீட்டுக்கு யாரு வரா?"

"யாரும் வரலையேன்னுதான் எனக்குக் கவலை," என்றார் அவர். குரலில் விளையாட்டு இல்லை. "இருபது வருஷம், காலையில ஏழு மணிக்கு, ஊர் நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டியில உன் சிநேகிதிங்க அஞ்சு பேரோட உட்கார்ந்து ஊர் வம்பு பூரா அளந்துட்டு வருவே. மூணு மாசமா வீட்டுக்குள்ளேயே கிடக்கறே. கேட்டா கூட்டம் பிடிக்கலைங்கறே. கை சரியாயிடும் டாக்னி. நீ இப்படியே ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

முற்றத்தை அளந்த சீட்டு வண்டியில் இருப்பதாக முணுமுணுத்துவிட்டு வெளியே போனார்.

டாக்னி தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"கூட்டம் பிடிக்காம இல்லை ஹல்லா. ஆனா குளத்துல இறங்கறதுக்கு முன்னாடி, பொம்பளைங்க எல்லாரும் ஒண்ணா நின்னு துணியில்லாம சோப்புப் போட்டுக் குளிக்கணுமே. ஒழுங்கா குளிச்சோமான்னு பார்க்க ஒருத்தி வேற நிப்பா."

"அது நமக்குப் பொறந்ததுலேர்ந்து பழக்கமாச்சே."

"பழக்கம்தான். வெட்கமெல்லாம் கிடையாது. ஆனா ஆபரேஷன்ல எனக்கு ஒரு பக்க மார்பை எடுத்துட்டாங்க. அந்த அஞ்சு பேர்ல லோவாவும் ஒட்னியும் பார்த்துட்டு, பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்குவாங்க. அதை என்னால தாங்க முடியாது. குளத்துக்குப் போகாததுக்கு இதுதான் காரணம்னு அவர்கிட்டகூடச் சொல்லல." காலுறையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார். "மூணு பேர் தொட்டியையே எழுதுங்க. பெருசா வாங்கிப் போட்டு, காலி இருக்கைகளைப் பார்த்துக்கிட்டு உட்கார என்னால ஆகாது."

ஹல்லா பேனாவை எடுக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"இது போன வியாழக்கிழமையே எழுதின ஆர்டர் டாக்னி. அஞ்சு பேர் வந்தாங்க. அந்தப் பெரிய தொட்டியில காலுறையோட இறங்கி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாங்க. ஒருத்தங்க குள்ளம், ஒருத்தங்களுக்கு முதுகுவலி. காபி ஊத்தியே எனக்குக் கை ஓய்ஞ்சுபோச்சு. உங்க வீட்டுக்காரர் ஓரமா நின்னு எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டிருந்தார்."

டாக்னி தாளை வாங்கினார். ஆறு பேர் தொட்டி. இறக்கவேண்டிய இடம், டாக்னியின் வீடு. அதற்குக் கீழே லோவாவின் குண்டு குண்டான எழுத்து:

'ஏழு மணிக்கு வருவோம். அவரவர் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் குளித்து, நீச்சலுடைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, நேராகத் தொட்டியில் இறங்கிவிடுவோம். காபி மட்டும் உன் பொறுப்பு.'