மூன்று ஞாயிறு வாசித்த பெயர்

"மாதா கோயில்காரங்க வூட்ல கல்யாணம்னா, மூணு ஞாயிறு பூசையில பேரை வாசிப்பாங்க. மைக்குல கேட்டு, ஆளுக்கொரு கடை அட்டை போட்டுடு" என்றார் பொம்மிடி கட்டில் கடை முதலாளி நஞ்சப்பன்.

விற்பனையாள் காளியப்பன் கோயிலுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தான். அந்த இரைச்சலில் பெயர் மட்டும்தான் காதில் விழுந்தது. மூன்று வாரமும் பிலவேந்திரன். அட்டையோடு, வீட்டை விசாரித்துப் போய்க் கதவைத் தட்டினான்.

மதலேனம்மாள் திறந்தாள்.

"பிலவேந்திரன் வூடுங்களா? தேக்குக் கட்டிலுங்க, ரெண்டு பேரு தாராளமாப் படுக்கலாம்."

"அவருக்கு எதுக்குங்க கட்டில்?"

"பூசையில பேரு வாசிச்சாங்களே?"

"எங்க வூட்டுக்காரரு ஆத்துமா இளைப்பாற வாசிச்சதுங்க."

காளியப்பன் அட்டையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு திரும்பினான்.

"இருங்க" என்றாள் மதலேனம்மாள். "நல்ல தேக்குங்களா? கல்லறைக்குச் சிலுவை ஒண்ணு செய்யணும்."