அவள் ஆண்களை வரைவதில்லை

மூன்றாவது முகத்தையும் வெள்ளை பூசி அழித்தாள்.

இன்னும் இரண்டு.

சுவருக்கு அடிக்கிற பெரிய பிரஷ். ஒரே இழுப்பில் மூக்கு போனது. அடுத்த இழுப்பில் கண்கள்.

சந்தியில் இராணுவ ஜீப் நிற்கிறது. படம் கீறுகிற பெண்ணின் வீடு எது என்று விசாரிக்கிறார்கள். ஓடிவந்து சொன்ன தவயோகம் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஓவியத்தில் இருக்கும் ஐந்து பெண்களும் சாட்சிகள். அகதி முகாமிலிருந்து தங்கள் கணவர்களைக் கூட்டிப் போனவர்களைக் கண்ணால் கண்டவர்கள்.

முகம் கிடைத்தால் வீடு கிடைத்துவிடும்.

நான்காவதும் போனது.

ஐந்து பெண்களின் கையிலும் ஒரு போட்டோ பிரேம். பிரேமுக்குள் வெறுமை. அவள் ஆண்களை வரைவதில்லை. பேட்டிகளில் அதைக் கொள்கை என்றாள். கைதட்டினார்கள்.

ஐந்தாவது, தவயோகம்.

"என்ட கறுப்புக்கு ரெண்டு பூச்சு வேணும் அக்கா."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"என்னை அழியுங்கோ. பிறகு ஒரு நாளைக்கு அந்தப் பிரேமுக்குள்ள இவரை மட்டும் கீறித் தாங்கோ. ஒரு போட்டோவும் மிஞ்சேல்லை. எனக்கே முகம் மறந்துகொண்டு வருது. புருவத்தில ஒரு வெட்டுக்காயம். இடதோ, வலதோ..."

"வலது."

வாய் முந்திவிட்டது.

வெளியே ஜீப்பின் கதவு திறந்து மூடியது.

தவயோகம் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"நீங்கள் இவரைக் கண்டதே இல்லையே அக்கா?"

பிரஷ் நுனியிலிருந்து வெள்ளை சொட்டியது. காலில். தரையில்.

யுத்தம் முடிந்த மாதம். அதே முகாம். அவள் ஓவியர் என்று அறிந்த அதிகாரி, தாளும் பென்சிலும் நீட்டினான். சனத்துக்குள் ஒளிந்திருக்கும், அவள் கண்டிருந்த ஐந்து போராளிகளின் முகம் வேண்டும். தந்தால் தங்கச்சியை விடுவோம் என்றான்.

தந்தாள்.

தங்கச்சியை விடவில்லை.

அச்சு அசல் என்று மட்டும் பாராட்டினான். ஐந்தாவது ஆளின் வலது புருவத்தில் ஒரு வெட்டுக்காயம்.

அதைக்கூட விடாமல் வரைந்திருந்தாள்.