நாடாரே

ஜப்பான் சிப்பாய் மாவுக் குவியலுக்குள் குச்சியைச் செருகச் செருக, பரஞ்சோதி நாடார் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மலாயாவில், குருண் கடைத்தெருவில் இருந்த அவருடைய கிடங்கைப் பட்டாளம் பிடுங்கிக்கொண்டு மரவள்ளி மாவைக் கொட்டி வைத்திருந்தது. துணிப் பஞ்சத்தில் ஊரே சாக்கை உடுத்திக்கொண்டு திரிந்ததால், மாவைக் கட்டி வைக்க வழியில்லை. சுவரோரம் கூரை முட்டக் குவிந்து கிடந்தது.

யாரும் உடுத்தாத ஒரே சாக்கு அந்த மாவுக்குள் இருந்தது. அதில் அரிசி.

மனைவி குணவதிக்கு நிறைமாதம். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு வாய் சோறாவது போட வேண்டுமென்று, நேற்றுப் புது மாவு கொட்டும்போது நாடார் உள்ளே செருகி வைத்தது. கண்டுபிடித்தால் தலை போய்விடும்.

வந்தவனோ மாவைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாகி, "யுகி, யுகி" என்றான். கைகளை உயர்த்தி மலை காட்டினான். கிடுகிடுவென்று நடுங்கியும் காட்டினான். அவன் ஊர் மலையில் பனி இப்படித்தான் கொட்டிக் கிடக்குமாம். புரிந்ததற்கு அடையாளமாக நாடாரும் நடுங்கினார். அவர் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

சிப்பாய் பாதி உயரம் ஏறி, மலைப்பனியைச் சோதிக்கிறாற்போலக் கத்தியால் ஓர் ஓரத்தைச் செங்குத்தாக வெட்டினான். மேலே இருந்த புது மாவில் முஷ்டி முழுதும் உள்ளே போனது. கீழே கூரை ஒழுகி இறுகிய பழைய மாவில் ஒரு விரல்கூட இறங்கவில்லை. இரண்டும் ஒட்டாமல் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. உதட்டைப் பிதுக்கினான். பிறகு உள்ளங்கையால் மெல்லத் தட்டினான்.

குறுக்கே ஒரு விரிசல் ஓடியது.

"நாடாரே!" என்று அலறினான்.

நாடாருக்கு உடம்பு சிலிர்த்தது. இவர்கள் வந்த நாளிலிருந்து கன்னத்தில் அறைதான் கிடைத்ததே தவிர, மரியாதையாக ஒருத்தன் கூப்பிட்டதில்லை. தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கும்பிட்ட கையோடு முன்னால் ஓடினார்.

பாதி மாவு அவர்மேல் இறங்கியது.

சிப்பாய் பாய்ந்து வந்து, கையாலேயே தோண்டி அவரை வெளியே இழுத்தான். தும்மித் தீர்த்துக் கண்ணைத் திறந்தால், பக்கத்தில் சாக்கு கிழிந்து அரிசி சிந்திக் கிடந்தது.

நாடார் அரிசியைத் தொட்டுக் காட்டினார். வயிற்றுக்கு முன்னால் கைகளை வளைத்துக் காட்டினார். பிறகு பிள்ளையைத் தாலாட்டிக் காட்டினார். அழுகை வந்துவிட்டது.

சிப்பாய் வாசலை ஒரு பார்வை பார்த்தான். மறுபடியும் ஏறி, மிச்சமிருந்த மாவைப் பூட்ஸால் ஓர் உதை விட்டான்.

"நாடாரே..." என்றான், இம்முறை மெதுவாக, சிரித்துக்கொண்டே.

அவன் பார்த்தது நாடாரை அல்ல, மாவை. மலையில் பனி சரிந்து இறங்கினால் அவன் பாஷையில் அதற்கும் ஏறக்குறைய அதே பேர்தான்.

மாவும் சொன்ன பேச்சுக் கேட்டு இறங்கி வந்து, சாக்கை மூடிக்கொண்டது.

அன்று வீட்டுக்குப் போனவர் குணவதியிடம் எல்லாவற்றையும் சொன்னார், அந்தக் கடைசிப் பார்வையைத் தவிர.

"கேட்டியா குணவதி, ஜப்பான்காரனே என்னைய ரெண்டு தரம் நாடாரேன்னு கூப்பிட்டாம்லா!"